ஒரு கரண்டி பொரை

வயிற்றுக்காக ஒரு விழா எடுத்து, அந்த விழாவுக்கு வாயார வாழ்த்துச் சொல்லித் தலைமை ஏற்றிருக்கும் வணிகர் சங்கத் தலைவர், எங்கள் அண்ணன் புருஷோத்தமன் அவர்களே! நுண்ணுயிர் என்றாலே நோய் என்று நடுங்கிக் கிடந்த நம் நெஞ்சங்களில், நம்மைக் காக்கும் நுண்ணுயிரும் உண்டு என்ற நம்பிக்கையை நட்டு வைத்துவிட்டு, இதோ என் வலப்புறம் அமைதியாக அமர்ந்திருக்கும் ஊட்டச்சத்து ஆய்வுக் குழுவின் தலைவி, பேராசிரியர் லீலா அம்மையார் அவர்களே! மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்து, அதை யாருக்கும் விட்டுக்கொடுக்காத முன்வரிசைப் பெரியோர்களே! பிள்ளையை இடுப்பிலும் பொறுப்பைத் தோளிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! கழுத்தில் அடையாள அட்டை, கண்ணில் அரைத் தூக்கம், கையில் டிபன் பை, இந்த மூன்றோடும் ஷிப்ட் முடிந்து நேரே இந்த மண்டபத்துக்கு வந்து அமர்ந்திருக்கும் என் ஆருயிர்த் தங்கைகளே! உங்கள் அத்தனை பேருக்கும், உங்கள் ஒவ்வொருவர் வயிற்றிலும் வாழ்ந்துகொண்டிருக்கும் கோடானுகோடி உயிர்களுக்கும், என் பணிவான மாலை வணக்கம்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். லீலா அம்மையார் சொன்ன பிறகுதான் எனக்கும் தெரிந்தது, நான் இத்தனை காலம் கூட்டத்தைப் பார்த்து வணக்கம் சொன்னபோதெல்லாம் கூட்டத்துக்குள் இருந்த பெருங்கூட்டத்தை மறந்திருக்கிறேன் என்று.

என் பெயர் பாண்டுரங்கன். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிறேன். காலையில் டீ ஆற்றுவேன்; மாலையில் உரை ஆற்றுவேன். இரண்டிலும் நுரை அதிகம் என்று என் மனைவி சொல்வாள். பத்து மேடை ஏறியதும் எனக்குச் 'செந்தமிழ்ச் சூறாவளி' என்று பட்டம் கொடுத்தார்கள். எந்த விசாரணையும் இல்லை, எந்தப் பரிசோதனையும் இல்லை. ஆனால் பாவம், தயிரைப் பாருங்கள்! ப்ரோபயாடிக் என்ற பட்டம் வாங்க அது படுகிற பாட்டைப் பாருங்கள்! உள்ளே இருக்கும் உயிர் இன்ன வகை என்று தெரிய வேண்டுமாம். உயிரோடு இருக்க வேண்டுமாம். போதிய அளவில் இருக்க வேண்டுமாம். உடம்புக்கு நன்மை செய்கிறது என்று மெய்ப்பிக்க வேண்டுமாம். வீட்டுத் தயிரிலும் உயிர்கள் உண்டு, ஆனால் அந்தப் பட்டத்தை அவசரப்பட்டு அதன் தலையில் கட்டாதீர்கள் என்று அம்மையார் எச்சரித்தார். கேட்டீர்களா? தயிருக்கு இருக்கிற கட்டுப்பாடு தமிழ் மேடைக்கு இல்லை.

இன்னொன்றும் சொன்னார். பசியை ஆற்றுவதோடு நில்லாமல், உடம்புக்கு இன்னொரு நன்மையும் சேர்த்துச் செய்கிற உணவுக்குச் 'செயல்சார் உணவு' என்று பெயராம். நம் ஊருக்குப் புரிகிற மாதிரி சொல்லட்டுமா? ஓ.டி., ஓவர்டைம் பார்க்கிற உணவு! ஆ, இப்போது புரிந்தது பாருங்கள், பின்வரிசை வரைக்கும் புரிந்தது.

அந்த உயிர்களுக்கும் பசிக்கும், அவற்றுக்கும் சோறு போட வேண்டும், கீரையும் வெங்காயமும் வாழைப்பழமும் கம்பும்தான் அவற்றின் சோறு என்றும் சொன்னார். நம் வயிறே ஒரு ஹாஸ்டல், தங்கைகளே! ஆனால் உங்கள் ஹாஸ்டல் மெஸ்ஸைப் போல் அல்லாமல், அங்கே தங்கியிருப்பவர்களுக்கு நீங்களாவது நல்ல சாப்பாடு போடுங்கள்.

அறிவியலை அம்மையார் பேசிவிட்டார். நான் என்ன பேச? எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு தயிர். அந்தத் தயிரின் கதையைச் சொல்கிறேன்.

சொல்லப்போனால், அது ஒரு சொல்லில் தொடங்கிய கதை. அன்றைக்கு மாலை கடையில் நல்ல கூட்டம். ஒரு பெண், பெரிய கம்பெனியில் உற்பத்தி லைனில் வேலை, பக்கத்து ஹாஸ்டலில் வாசம், ஊர் தூத்துக்குடிப் பக்கம், பெயர் இசக்கிசெல்வி. அதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்று தெரிந்தது, கையில் ஒரு எவர்சில்வர் டப்பா மட்டும்தான்.

"அண்ணாச்சி, சுடுபால் கொஞ்சம் தாங்க. பெறவு, கொஞ்சம் பொரையும் வேணும்" என்றாள்.

பாலை ஊற்றினேன். கண்ணாடி ஜாடியைத் திறந்தேன். மொறுமொறு என்று இரண்டு பொறையை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். அவள் பொறையைப் பார்த்தாள், பாலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இதயா பாலுல விடுவாவ?"

"ஆமாம்மா. முக்கி முக்கி சாப்டு. நல்லா ஊறும்."

"இத விட்டா பாலு உறையுமா?"

"பால் இன்னாத்துக்கும்மா உறையுது? பொறைதான் ஊறும்!"

சிரிக்காதீர்கள், அன்றைக்குக் கடையே சிரித்துவிட்டது. அவள் கேட்டது, பாலைத் தயிராக்க ஊற்றுவோமே, அந்தக் கொஞ்சம் பழந்தயிர். அதை உறை என்று நாம் சொல்கிறோம். அவர்கள் பக்கம் பொரை என்கிறார்கள். அவள் சொன்னது இடையின ரகரம். என் காதில் விழுந்தது வல்லின றகரம். எழுத்தில் வேறு, பொருளில் வேறு, ஆனால் டீக்கடை இரைச்சலில் இரண்டும் ஒன்று. தயிருக்கு வந்தவளை டீக்கடை ரொட்டியோடு நிறுத்தினேன்.

எனக்குத் தமிழ் பொங்கிவிட்டது. "இன்னாம்மா இது, உறைன்னு அழகா ஒரு வார்த்த கீது. பால உறைய வெக்கிறதால உறை. பொரையாம் பொரை!" என்றேன். அவள் விட்டாளா? "எங்க ஊருல உறைன்னா தலவாணிக்குப் போடுதது அண்ணாச்சி" என்றாள். செந்தமிழ்ச் சூறாவளி அப்படியே சுருண்டு உட்கார்ந்துவிட்டது.

பின்னால் ஒரு அம்மா கை தூக்குகிறார்கள். கேள்வியா அம்மா? கேள்வி நேரம் கடைசியில். உட்காருங்கள் தாயே, கதை இப்போதுதான் சூடு பிடிக்கிறது.

ஏன் அந்தப் பெண்ணுக்குத் தயிர் அவ்வளவு அவசியம்? இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா? ஒரு வாரம் பகல், ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு. பசிக்கிற நேரத்தில் லைனில் நிற்பாள். சாப்பாடு கிடைக்கிற நேரத்தில் பசி செத்திருக்கும். அடக்கக் கூடாததை அடக்குவாள், ஏனென்றால் லைனை விட்டுப் போக சூப்பர்வைசரிடம் கை தூக்க வேண்டும். வயிறு ஊதும், வலிக்கும், ஒரு நாள் போகாது, மறுநாள் நிற்காது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். ப்ரோபயாடிக் கேப்ஸ்யூலும் கொடுத்தார்கள். மருந்துக்குக் கேட்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், கேட்டது. மருந்தைத் திட்டிக் கைதட்டல் வாங்குகிற ஆள் நான் இல்லை. ஆனால் அவளுக்கு ஒரு ஆசை. தன் கையால் ஊற்றிய தயிரில் சோறு பிசைந்து தின்ன வேண்டும். ஹாஸ்டலில் அடுப்பு கூடாது, ஸ்டவ் கூடாது, எதுவும் கூடாது. தயிருக்கு அடுப்பு எதற்கு? டீக்கடைப் பால் சூடு போதும். ஊற்ற ஒரு கரண்டி உறை வேண்டும், அதுதான் இல்லை.

என் கடையிலும் இல்லை. அவள் என்ன செய்தாள் தெரியுமா? கடையை ஒரு சுற்றுப் பார்த்தாள். "சட்னிக்கு மொளவா வத்தல் வச்சிருக்கியளா? காம்போட வேணும்" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். கைபொறுக்கும் சூட்டில் இருந்த பாலில் அந்தக் காம்பு வற்றலைப் போட்டாள், மூடினாள், போனாள். பைத்தியம் என்று நினைத்தேன். மறுநாள் டப்பாவைக் கொண்டு வந்து காட்டினாள். தயிரா அது? கொழகொழவென்று, பாலும் இல்லாமல் தயிரும் இல்லாமல் ஒரு வஸ்து. அதில் ஒரு கரண்டி எடுத்துப் புதுப் பாலில் விட்டாள். அதில் ஒரு கரண்டி எடுத்து மறுபடி புதுப் பாலில் விட்டாள். போகப் போக, சீவினால் கரண்டியில் நிற்கும் தயிர்! காம்பில் ஒட்டியிருந்த நுண்ணுயிர்தான் அதைச் செய்தது என்று இன்று அம்மையார் விளக்குகிறார். அன்று எனக்கு அது மந்திரம்.

ஆகவே, அந்தத் தயிருக்குப் பிறந்த ஊர் தூத்துக்குடி இல்லை. அது இங்கே, நம் சுங்குவார்சத்திரத்தில் பிறந்தது! இந்தச் சாலை நெடுகிலும் என்னவெல்லாமோ பிறக்கின்றன. கார் பிறக்கிறது, போன் பிறக்கிறது, கண்ணாடி பிறக்கிறது. எல்லாம் பெட்டிக்குள் போய்க் கப்பலேறிவிடுகிறது. கப்பலேறாமல் நம் வயிற்றுக்கென்றே இங்கு பிறந்தது ஒரு டப்பாத் தயிர். என் பால், என் வற்றல், அவள் கை.

தினம் மாலை சுடுபாலுக்கு வருவாள். பாலுக்கு வந்தாளா, பாண்டுரங்கனுக்கு வந்தாளா என்று கேட்காதீர்கள், எனக்கே ரொம்ப நாள் தெரியவில்லை. வல்லக்கோட்டை முருகன் முன்னால் மாலை மாற்றிக்கொண்டோம். என்னம்மா, அண்ணாச்சி என்று கூப்பிட்டவளையா கட்டினாய் என்கிறீர்களா? தெற்கே கடை வைத்த ஆண் எல்லாரும் அண்ணாச்சிதான். கடையை மூடினால் உறவு முறை மாறிவிடும்!

வயிறு சரியானதா? ஆனது. தயிரால் மட்டுமா? இதோ, அம்மையார் என்னை முறைக்கிறார். தயிரால் மட்டும் இல்லை. பகல் ஷிப்ட்டுக்கு மாற்றிக்கொண்டாள். நேரத்துக்குச் சாப்பிட்டாள். கேன்டீனில் கீரை கண்டால் விடமாட்டாள். என் கடையிலேயே டீயை மறுத்து மோர் குடித்த ஒரே ஆள் அவள்தான். எல்லாம் சேர்ந்துதான் சரியானது. தயிர் சகல நோய்க்கும் மருந்து என்று சொல்லி உங்களை ஏமாற்ற நான் இந்த மேடைக்கு வரவில்லை.

ஆனால் ஒன்று சொல்வேன். அந்தத் தயிரை அவள் தனியாகத் தின்றதில்லை. அறையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தாள், அடுத்த அறைக்குக் கொடுத்தாள், அடுத்த ஹாஸ்டலுக்கும் போனது. ஒப்பந்தம் முடிந்து ஒரு பெண் பெட்டி கட்டினால், போகிற கையில் ஒரு கரண்டி. ஒரகடம் போனவள் கையில் ஒரு கரண்டி, வாலாஜாபாத் போனவள் கையில் ஒரு கரண்டி. "பொரைய விட்றாதட்டி" என்பாள். அவ்வளவுதான் அவள் வழியனுப்பு.

அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் தினமும் சண்டை. "ஒரே ஒரு தடவ, மைக்கப் புடிச்சிக்கிட்டுப் பொரைன்னு சொல்லுங்க பாப்போம்" என்பாள். "நான் தமிழ் மேடையில ஏர்றவன். உறைன்னுதான் சொல்வேன்" என்பேன். "அப்ப பொரை என்ன இங்கிலீசா?" என்பாள். நான் டீ ஆற்றப் போய்விடுவேன். ஆனாலும் விட்டுக்கொடுத்ததில்லை. அவள் பொரை என்று கேட்பாள், நான் உறை என்று எடுத்துக் கொடுப்பேன். எங்கள் குடும்பம் இப்படித்தான் நடந்தது, என் சொந்தங்களே. நன்றாக நடந்தது.

அந்த அம்மா மறுபடியும் எழுந்து நிற்கிறார்கள். தண்ணீர் வேண்டுமா தாயே? யாரப்பா அங்கே, அம்மாவுக்குத் தண்ணீர் கொடுங்கள். இல்லையா? சரி, சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயிற்றைச் சரிசெய்துகொண்டவளை நெஞ்சு கைவிட்டது. பிறவியிலேயே இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை, தெரியாமலே இருந்திருக்கிறது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி. கடையைச் சாத்தினேன், வீட்டைப் பூட்டினேன், அவள் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக்கொண்டேன். வாரக்கணக்கில் அங்கேயே கிடந்தோம். ஒரு நாள், குரல் வராத குரலில் கேட்கிறாள்.

"வீட்டுல பொரை கெடக்கா?"

"உறை கீதும்மா, நீ வா" என்றேன்.

சிரித்தாள். "சரி, உங்க உறையே இருக்கட்டும்" என்றாள். எங்கள் சண்டையில் அவள் விட்டுக்கொடுத்தது அந்த ஒரு முறைதான்.

அவள் வரவில்லை. நான் மட்டும் வந்தேன். வீட்டைத் திறந்தேன். அடுக்களையில் அந்த எவர்சில்வர் டப்பா. மூடியை எடுத்தால் உள்ளே மஞ்சளாகக் காய்ந்து, வெடித்து, பூஞ்சை பூத்துக் கிடந்தது. சோறில்லாத உயிர் எத்தனை நாள் தாங்கும்? அன்று நான் அழுதேன். ஆஸ்பத்திரியில் அழாதவன் ஒரு டப்பாவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஏன் என்று கேட்பவர்கள் கேளுங்கள். அவளுடைய புடவை இருக்கிறது, போட்டோ இருக்கிறது, போனில் குரல் இருக்கிறது. ஆனால் அவள் கையிலிருந்து வந்து உயிரோடு இருந்தது அது ஒன்றுதான்.

பால் வாங்கினேன், காம்பு வற்றல் போட்டேன், ஊற்றிப் பார்த்தேன். உறைந்தது. ஆனால் அவள் தயிர் இல்லை. அவள் தயிரில் முதலில் புளிப்பு தெரியும். விழுங்கிய பிறகு நாக்கு ஓரத்தில் மெல்லிய இனிப்பு ஒன்று வந்து நிற்கும். என் தயிரில் புளிப்பு வந்தது. நான் காத்திருந்தேன், இனிப்பு வரவில்லை. ஒவ்வொரு காம்பிலும் ஒவ்வொரு கூட்டம் இருக்கும் அண்ணே, அதே கூட்டம் திரும்ப வராது என்று அம்மையார் பிறகு சொன்னார்.

ஹாஸ்டல் ஹாஸ்டலாக ஏறி இறங்கினேன். எல்லாம் புது முகம். அவள் கொடுத்த பெண்கள் எல்லாரும் ஒப்பந்தம் முடிந்து எங்கெங்கோ போய்விட்டார்கள். "உறை இருக்காம்மா?" என்று கேட்டேன். ஒரு தங்கை உள்ளே ஓடிப்போய்த் தலையணை உறை எடுத்து வந்து கொடுத்தாள். அவளும் தூத்துக்குடிப் பக்கமோ என்னவோ!

இப்படித் திரிந்துகொண்டிருந்தபோதுதான் லீலா அம்மையார் தம் குழுவோடு என் கடைக்கு வந்தார். கையில் சின்னச் சின்ன டப்பாக்கள். எதற்கு என்று உங்களுக்குத் தெரியும், சாப்பாட்டு நேரத்தில் நான் விவரிக்கவில்லை. காலையில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். எல்லாரும் கூச்சப்பட்டு ஓடினார்கள். நான் ஓடவில்லை. ஒரு கேள்வி கேட்டேன்.

"அம்மா, ரெண்டு பேரு ஒரே வூட்ல, ஒரே சட்டியில சாப்ட்டுகினு இருந்தா, வயித்துக்குள்ள கீறதும் ஒண்ணாயிடுமா?"

"எல்லாம் ஒண்ணாகாதுண்ணே. ஆனா ஒண்ணா வாழறவங்க நடுவுல நிறைய பொதுவா இருக்கும்" என்றார்.

"ஒருத்தர் பூட்டாங்கன்னா? மத்தவன் வயித்துல அது இருக்குமா?"

அவர் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்துவிட்டார். "சிலது தங்கும், சிலது போயிடும்ணே. எது தங்கும்னு என்னால சத்தியமா சொல்ல முடியாது" என்றார்.

பொய்யாக ஒரு ஆறுதல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதனால்தான் அவரை நம்புகிறேன். அன்று முதல் தட்டில் கீரை வைத்தால் எனக்காகத் தின்பதில்லை. உள்ளே அவளுடையது ஏதாவது தங்கியிருந்தால் பட்டினி கிடக்கக் கூடாதே என்று தின்கிறேன். பைத்தியக்காரத்தனம் என்பீர்கள். இருக்கட்டும். பிரிந்தவன் ஏக்கத்துக்கு எந்தப் பேராசிரியர் அளவு குறித்துக் கொடுக்க முடியும்?

தலைவர் மணியைப் பார்க்கிறார். இதோ முடித்துவிடுகிறேன் அண்ணே. ஆனால் முடிக்கும் முன் இந்தச் சாலைக்கு ஒரு வார்த்தை!

குடல் நலம், குடல் நலம் என்று கூட்டம் போடுகிறோம். நல்லது. குப்பியில் அடைத்த பானம் வரட்டும், நல்லது. கேப்ஸ்யூல் வரட்டும், நல்லது. ஆனால் உண்ண நேரம் கொடுக்காமல் உணவைப் பற்றி உபதேசம் செய்தால் உள்ளே போகுமா? கை தூக்கி அனுமதி கேட்டுக் கழிவறைக்குப் போகிற பெண்ணுக்குக் குடல் நலம் எங்கிருந்து வரும்? ஹாஸ்டலுக்கு ஒரு குளிர்பெட்டி கேட்கிறேன், கொடுக்க முடியாதா? அறைக்கு ஒரு டப்பாத் தயிர் வைத்துக்கொள்ள அனுமதி கேட்கிறேன், கொடுக்க முடியாதா? ஆறின சோற்றை அள்ளிப்போட்டு ஓடாமல், உட்கார்ந்து உண்ண நேரம் கேட்கிறேன், கொடுக்க முடியாதா? உலகத்துக்கே உதிரிபாகம் செய்து அனுப்புகிறவர்களே, உங்கள் உள்ளுறுப்புக்கு உத்தரவாதம் வேண்டும் என்று ஒரே குரலில் கேளுங்கள்! ஒருத்தி கேட்டால் முணுமுணுப்பு. ஊரே கேட்டால் உத்தரவு!

கைதட்டியது போதும், தங்கைகளே. இப்போது என் சொந்த வேண்டுகோள்.

அதோ, வாசல் பக்கம் அந்த மேசை. ஆய்வுக்காக நீங்கள் அவரவர் வீட்டிலிருந்து கொண்டு வந்த தயிர்க் கிண்ணங்கள் வரிசையாக இருக்கின்றன. வந்ததிலிருந்து என் கண் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொன்றாக முகர்ந்துகூடப் பார்த்தேன். "அண்ணே, சாம்பிளைத் தொடாதீங்க!" என்று அம்மையார் கையைத் தட்டிவிட்டார். முகர்ந்து என்ன தெரியும்? ஆகவே வாய்விட்டுக் கேட்கிறேன். இசக்கி கையில் பிறந்து, கைமாறி கைமாறிப் போன அந்தத் தயிர், உங்களில் யார் வீட்டிலாவது, ஒரு கரண்டியாவது...

அம்மா, நீங்கள் விடமாட்டீர்கள் போலிருக்கிறதே! சரி. அந்தப் பச்சைப் புடவை அம்மாவிடம் மைக்கைக் கொடுங்கப்பா. பெயர் என்ன தாயே? கங்கா. ஊர்? வல்லக்கோட்டை. சொல்லுங்கள் கங்கா அம்மா. என்ன? மைக்கைத் திருப்பிப் பிடித்திருக்கிறீர்கள், கேட்கவில்லை. நீங்கள் சொல்லுங்கள், நானே திருப்பிச் சொல்கிறேன். எல்லாரும் கேளுங்கள், அம்மா சொல்கிறார்கள்:

"அண்ணே, நான் அப்போலேர்ந்து கை தூக்கிகினு கீறேன், நீ ஒக்காரு ஒக்காருன்ற. எங்க வூட்ல கீதுண்ணே அது."

எது கீது? மெதுவாகச் சொல்லுங்கள்.

"ஹாஸ்டல்ல பெருக்குற வேல எனக்கு. ஒரு பொண்ணு காலி பண்ணிகினு போவச்சொல்ல, ஒரு டப்பாவ எங்கையில குடுத்து, 'அக்கா, இந்தப் பொரைய வுட்டுடாத'ன்னு சொல்லிச்சு. அன்னிலேர்ந்து தெனம் ஊத்திகினு வர்றேன். இன்னிக்கு இங்க கொண்டாந்ததும் அதான்."

தங்கைகளே, கொஞ்சம் அமைதி. கங்கா அம்மா, உங்கள் வல்லக்கோட்டையில், உங்கள் அம்மா வீட்டில், இதற்கு என்ன பெயர்? "உறை." தெற்கே உங்களுக்குச் சொந்தம் உண்டா? "ஒருத்தரும் இல்ல." அப்புறம் ஏன் தாயே பொரை என்கிறீர்கள்?

என்ன சொன்னார்கள் தெரியுமா? கேட்டீர்களா?

"எங்க வூட்டு உறை வேற, இது வேறண்ணே. இதுக்குப் பேரே பொரைதான?"

இதுக்குப் பேரே பொரைதான.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள் எனக்கு.

அம்மையார் என் காதருகே ஏதோ சொல்கிறார். இதையும் மைக்கிலேயே சொல்லிவிடுகிறேன். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய தயிர் இல்லாததால், இது அதுதான் என்று ஆய்வகம் உறுதி சொல்ல முடியாதாம். கைமாறி, வீடு மாறி, பால் மாறி, இதுவும் மாறியிருக்குமாம். மாறட்டும் அம்மையாரே! இந்த ஊருக்கு வந்த யார்தான் மாறவில்லை? இதில் அந்த ஹாஸ்டல் பெண்கள் கை இருக்கும், கங்கா அம்மா கை இருக்கும், எங்கோ அடியில் அவள் கையும் இருக்கும். ஆய்வகத்துக்குச் சான்று இல்லை. எனக்கு ஒரு சொல் போதும். தானாக ஒரு வல்லக்கோட்டைக்காரி வாயில் அந்தச் சொல் முளைக்காது.

ஒரு கரண்டி உங்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஆழ்குளிரில் போட்டுப் பத்திரமாக வைப்பேன் என்றீர்களே, வையுங்கள், இனி அது காய வேண்டாம். ஒரு கரண்டி எனக்குக் கொடுங்கள். சாப்பிட மாட்டேன், ஆசையாக இருக்கிறது, ஆனாலும் இப்போது சாப்பிட மாட்டேன்.

இந்த மேடையைத் தந்த தலைவர் அண்ணனுக்கு நன்றி. பொய் சொல்லத் தெரியாத பேராசிரியருக்கு நன்றி. ஓய்வு நேரத்தை எனக்குக் கொடுத்த தங்கைகளுக்கும் தாய்மார்களுக்கும் நன்றி. உட்காரச் சொல்லியும் உட்காராத கங்கா அம்மாவுக்கு, என் ஆயுளுக்கும் நன்றி. ஷிப்ட் பஸ் ஹாரன் அடிக்கிறது, நீங்களும் கிளம்புங்கள், நானும் கிளம்புகிறேன். வீட்டில் பால் காய்ச்சி வைத்துவிட்டுத்தான் வந்தேன், இந்நேரம் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியிருக்கும்.

இசக்கி, எங்கே இருந்தாலும் கேட்டுக்கொள். மைக்கைப் பிடித்துக்கொண்டுதான் சொல்கிறேன். எல்லாருக்கும் வணக்கம், எனக்கு நேரமாகிவிட்டது, வீட்டுக்குப் போய்ப் பொரை ஊற்ற வேண்டும்.